டிப்ஸ் கேட்கும் பில் மெஷின்: அமெரிக்க உணவகங்களின் சர்வர் சம்பள முறைக்கு ஒரு மதிப்புரை

சாப்பிட்டு முடித்துக் கார்டை எடுத்ததும் சர்வர் கையடக்க மெஷின் ஒன்றை நீட்டுகிறார். திரையில் பெரிதாக மூன்று கட்டங்கள்: 18%, 20%, 22%. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ‘வேறு தொகை’, அதற்கும் கீழே ‘டிப்ஸ் இல்லை’. டோஸ்ட், ஸ்கொயர், குளோவர் என்று எந்த மெஷினை எடுத்தாலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் இந்தத் திரையின் முன்னால்தான் தடுமாறுகிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் தடுமாற்றம் இல்லாமலில்லை. 2023-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பைவிட இப்போது கூடுதல் இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுகிறது என்று 72% பேர் சொன்னார்கள்.

பில் போடும் பொருளாக மட்டும் பார்த்தால் இது நல்ல மெஷின். ஆனால் அந்தக் கட்டத்தைத் தொட்டால் பணம் யாருக்குப் போகும் என்பதை மெஷின் சொல்வதில்லை. வாடிக்கையாளருக்கு உண்மையில் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். ஆகவே திரையில் தொடங்கி, சர்வரின் சம்பளச் சீட்டு வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திரை

பழைய காகிதச் சீட்டோடு ஒப்பிட்டால் மெஷினின் அருமை தெரியும். முன்பெல்லாம் கார்டைத் தேய்த்து, சீட்டை அச்சடித்து, வாடிக்கையாளர் பேனாவால் டிப்ஸ் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஷிஃப்ட் முடிந்த பிறகு சர்வர் உட்கார்ந்து அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றவேண்டும். 7 என்று எழுதியது 1 மாதிரித் தெரியும். சிலர் மொத்தத் தொகையை மட்டும் எழுதி டிப்ஸ் வரியைக் காலியாக விட்டிருப்பார்கள். டிப்ஸை ஏற்றும் முன்பே அன்றைய கணக்கு மூடப்பட்டு வங்கிக்குப் போய்விட்டால், அந்தப் பணத்தை மீட்பது பெரும்பாடு. கையடக்க மெஷினில் இந்த மூன்று தொல்லையும் இல்லை. வாடிக்கையாளரே தொடுகிறார், அந்த நொடியிலேயே பில்லோடு பதிவாகிவிடுகிறது. சர்வருக்கு இது பெரிய நன்மை.

கோளாறு சதவீதக் கணக்கில் இருக்கிறது. எந்தத் தொகைக்கு 20% என்பதை உணவகம்தான் மெஷினின் அமைப்பில் தேர்வு செய்கிறது: வரிக்கு முந்தைய தொகைக்கா, வரியும் சேர்ந்த தொகைக்கா? உணவு 84 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் நகரத்தில் விற்பனை வரி 8.875%, அதாவது 7.46 டாலர். மொத்தம் 91.46. முதல் கணக்கில் 20% என்பது 16.80 டாலர். இரண்டாவது கணக்கில் 18.29. தொடுவது அதே கட்டத்தைத்தான், ஆனால் இரண்டாவது உணவகத்தில் கொடுப்பது உண்மையில் ஏறக்குறைய 21.8%. சரிபார்ப்பது சுலபம். உணவுத் தொகையின் பத்தில் ஒரு பங்கை இரண்டால் பெருக்குங்கள். 8.40 பெருக்கல் 2, 16.80. கட்டத்துக்குள் அதைவிடக் கூடுதலாக எழுதியிருந்தால் வரிக்கும் சேர்த்து டிப்ஸ் கேட்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. அது வாடிக்கையாளரின் கண்ணில் படாமல் சர்வரின் மடியில் விழுகிறது. 84 டாலர் பில்லுக்கு 20 டாலர் கூப்பன் கொடுத்தால், கழித்த பிறகு நிற்கும் 64-க்குத்தான் சில மெஷின்கள் 20% போடுகின்றன. டிப்ஸ் 12.80 ஆகச் சுருங்கிவிடுகிறது. சர்வர் சுமந்து வந்தது 84 டாலர் உணவைத்தான். கூப்பன் முதலாளி கொடுத்த சலுகை, அதில் நான்கு டாலரைச் சர்வர் ஏற்கக் காரணமே இல்லை. கூப்பன் கொடுக்கும்போது ‘வேறு தொகை’யைத் தொட்டு முழுத் தொகைக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதே முறை.

கவுண்டரில் நின்று நாமே வாங்கிக்கொண்டு போகும் இடங்களிலும் இதே திரை வருகிறது. அங்கே வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் முழுக் குறைந்தபட்ச ஊதியமாவது உண்டு, ஆகவே அங்கே கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். மேஜைக்கு வந்து பரிமாறும் இடத்தின் கதை அப்படியல்ல. ஏன் என்று தெரிய சம்பளச் சீட்டைப் பார்க்கவேண்டும்.

2.13 டாலர்

டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி முதலாளி கையிலிருந்து தரவேண்டிய மணிச் சம்பளம் 2.13 டாலர். மாதத்துக்கு 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் வாங்கினாலே ஒருவர் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுவார். குறைந்தபட்ச ஊதியமான 7.25-ஐ எட்ட மீதி 5.12 டாலர் வேண்டும். அதை டிப்ஸிலிருந்து வந்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்ள முதலாளிக்கு அனுமதி உண்டு. இதற்குப் பெயர் ‘டிப் கிரெடிட்’. 1966-இல் செய்த சட்டத் திருத்தத்தில் உள்ளே வந்தது. 2.13 என்ற எண்ணுக்கும் ஒரு காரணம் உண்டு. 1991-இல் குறைந்தபட்ச ஊதியம் 4.25 டாலர், அதில் பாதி. 1996-இல் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தியபோது இந்தப் பாதியை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். இன்றுவரை அசையவில்லை.

எளிமையாகச் சொன்னால், நீங்கள் கொடுக்கும் டிப்ஸில் முதல் பங்கு சர்வருக்கு மேல்வரும்படி ஆவதில்லை, முதலாளி தரவேண்டிய சம்பளத்தை அது அடைக்கிறது. வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை பார்க்கும் ஒருவருக்குச் சேரவேண்டிய குறைந்தபட்சம் 217.50 டாலர். முதலாளி கொடுப்பது 63.90. அடுத்த 153.60 டாலரை மேஜைகள் கொடுத்தாகவேண்டும். அதற்கு மேல் வருவதுதான் சர்வரின் உபரி. மேஜைகள் அவ்வளவு தராவிட்டால் குறையை முதலாளி ஈடுகட்டவேண்டும், அது சட்டம்.

இந்தச் சட்டம் நடைமுறையில் பல இடங்களில் ஒழுகுகிறது. முதலாவது, கணக்கு வாரத்துக்கு ஒருமுறைதான். செவ்வாய்க்கிழமை ஐந்து மணி நேரம் நின்று மூன்றே மேஜைகள் வந்திருந்தாலும், சனிக்கிழமைக் கூட்டத்தில் வந்த டிப்ஸ் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். காற்று வாங்கிய அந்த நாளுக்கு முதலாளி ஒரு காசும் கூடுதலாகத் தரவேண்டாம். இரண்டாவது, ஓவர்டைம். வாரத்தில் 40 மணிக்கு மேல் போனால் 2.13-ஐ ஒன்றரையால் பெருக்கி 3.20 தருகிற கணக்காளர்கள் இருக்கிறார்கள். அது தவறு. முழு ஊதியமான 7.25-ஐத்தான் ஒன்றரையால் பெருக்கவேண்டும். வரும் 10.88-இல் 5.12-ஐக் கழித்தால் 5.76. ஒவ்வொரு ஓவர்டைம் மணிக்கும் இரண்டரை டாலருக்கு மேல் சர்வர் இழக்கிறார். சம்பளச் சீட்டில் தேட வேண்டிய முதல் எண் இது.

மூன்றாவது, பணம் கட்டாமல் ஓடிப்போன வாடிக்கையாளரின் பில்லையும், கல்லாவில் குறைந்த தொகையையும் சர்வரின் தலையில் கட்டுவது. டிப் கிரெடிட் எடுக்கும் முதலாளி இந்த இரண்டையும் பிடிக்கக்கூடாது. சர்வர் ஏற்கெனவே குறைந்தபட்சக் கோட்டில்தான் நிற்கிறார், பிடித்தால் கோட்டுக்குக் கீழே போய்விடுவார். இன்னொன்று, டிப் கிரெடிட் எடுப்பதை முன்கூட்டியே ஊழியருக்குத் தெரிவிக்காத முதலாளிக்கு அதை எடுக்கும் உரிமையே இல்லை. வேலைக்குச் சேரும்போது கையில் கொடுக்கும் தாள்களில் அது இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துவது நல்லது.

டிப்ஸுக்கான வரிப் பிடித்தமும் இந்த 2.13-லிருந்துதான் போகிறது. அதனால்தான் பல சர்வர்களின் சம்பளச் சீட்டில் கைக்கு வரும் தொகை பூஜ்யம் என்று அச்சாகிறது.

எல்லா மாநிலமும் இப்படி இல்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மான்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப் கிரெடிட் கிடையாது, டிப்ஸுக்கு முன்பே முழுக் குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டும். நியூயார்க் நகரத்தில் 2025-இல் குறைந்தபட்ச ஊதியமான 16.50-இல் 11 டாலரை முதலாளியும் 5.50-ஐ டிப்ஸும் பங்கிட்டுக்கொண்டன. ஒரே 20% கட்டத்தைத் தொடும் விரல், 2.13 முறை உள்ள டெக்சாஸில் ஒருவரின் அடிப்படைச் சம்பளத்தைக் கொடுக்கிறது, வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டிலில் சம்பளத்துக்கு மேல் கொடுக்கிறது. மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

பங்கு பிரிப்பு

கட்டத்தில் தொட்ட தொகை முழுவதும் அந்த ஒரு சர்வருக்குப் போவதில்லை. இடம் காட்டுபவர், மேஜை துடைப்பவர், தட்டு எடுத்துவருபவர், பார்டெண்டர் ஆகியோருக்கு அதில் பங்கு உண்டு. பங்கை டிப்ஸில் ஒரு சதவீதமாகப் பிரிக்கலாம், அல்லது சர்வரின் விற்பனையில் ஒரு சதவீதமாகப் பிரிக்கலாம். கேட்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டுக்கும் இடையே நிறைய தூரம்.

விற்பனையில் 4% பங்கு என்று வைத்திருக்கும் உணவகத்தில், அந்த 84 டாலர் மேஜை ‘டிப்ஸ் இல்லை’யைத் தொட்டால் சர்வருக்கு வரவு பூஜ்யம். செலவு மட்டும் 3.36 டாலர். அந்த மேஜைக்கான பங்கை வேறு மேஜையின் டிப்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும். சாப்பாடு தாமதமாக வந்தது, உப்பு கரித்தது என்ற கோபத்தில் ‘டிப்ஸ் இல்லை’யைத் தொடுபவர், சமையலறையின் தவறுக்குச் சர்வரிடம் அபராதம் வாங்குகிறார். அபராதம் என்பது இங்கே வெறும் உவமை இல்லை, அந்த 3.36 நிஜமாகவே அவர் பணம். டிப்ஸிலிருந்து பங்கு பிரித்தால் இது நடக்காது. பூஜ்யத்தில் பங்கும் பூஜ்யம். பங்கை டிப்ஸிலிருந்து எடுக்கும் முறையே நியாயமானது, இதில் எங்களுக்குத் தயக்கமில்லை.

எல்லோருடைய டிப்ஸையும் சேர்த்துப் பிரிக்கும் பொதுக் குடத்திலிருந்து மேனேஜருக்கும் மேற்பார்வையாளருக்கும் ஒரு டாலர்கூடப் போகக்கூடாது. 2018-இல் வந்த சட்டம் இதைத் தெளிவாக்கிவிட்டது. மேனேஜர் தானே, தான் ஒருவராகவே பரிமாறிய மேஜையின் டிப்ஸை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதே சட்டம் இன்னொரு கதவையும் திறந்தது. டிப் கிரெடிட் எடுக்காமல் முழு ஊதியம் தரும் உணவகங்கள் சமையல்காரருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் குடத்தில் பங்கு தரலாம்.

கார்டில் வரும் டிப்ஸுக்கு வங்கிக் கட்டணம் பிடிக்கலாமா? கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது, வங்கி எடுக்கும் அதே சதவீதத்துக்கு மேல் போகாதவரை. கட்டணம் 3% என்றால் 16.80-இல் 50 சென்ட். கலிஃபோர்னியாவில் அந்த 50 சென்டையும் தொடக்கூடாது, முழுத் தொகையும் அடுத்த சம்பள நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். வங்கியிலிருந்து பணம் இன்னும் வரவில்லை என்று சொல்லி டிப்ஸைப் பிடித்துவைக்க எந்த மாநில முதலாளிக்கும் உரிமை இல்லை.

சர்வீஸ் சார்ஜ்

இப்போது பல உணவகங்களில் பில்லிலேயே 18% அல்லது 20% சர்வீஸ் சார்ஜ் அச்சாகி வருகிறது. டிப்ஸுக்கு இது மாற்று என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு. டிப்ஸ் ஊழியரின் சொத்து. சர்வீஸ் சார்ஜ், கூட்டாட்சிச் சட்டப்படி, உணவகத்தின் வருமானம். அதில் சர்வருக்கு எவ்வளவு என்பதை உணவகம் தீர்மானிக்கிறது.

எது டிப்ஸ் என்பதற்கு வருமான வரித்துறை 2012-இல் நான்கு அளவுகோல்களைச் சொன்னது. கட்டாயம் இல்லாமல் கொடுத்திருக்கவேண்டும், எவ்வளவு என்பதை வாடிக்கையாளரே முடிவுசெய்திருக்கவேண்டும், உணவகத்தின் கொள்கை அதை நிர்ணயித்திருக்கக்கூடாது, யாருக்கு என்பதும் பொதுவாக வாடிக்கையாளர் கையில் இருக்கவேண்டும். ஆறு பேருக்கு மேல் வந்தால் தானாகவே சேரும் 18% இந்த அளவுகோலில் தேறாது, அது சம்பளக் கணக்கில் போகும். 2014 ஜனவரியிலிருந்து இதைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கியதும் பெரிய செயின் உணவகங்கள் சில அந்த வழக்கத்தையே விட்டுவிட்டன.

2025 ஜூலையில் வந்த வரிச் சட்டம் இந்தப் பிரிவினையை இன்னும் ஆழமாக்கியது. 2025 முதல் 2028 வரை ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். தனிநபர் வருமானம் 150,000-ஐத் தாண்டினால் சலுகை குறையத் தொடங்கும். கட்டாய சர்வீஸ் சார்ஜிலிருந்து வரும் பணத்துக்கு இந்தக் கழிவு கிடையாது. கட்டாயம் இல்லாத டிப்ஸுக்கும் சமூகப் பாதுகாப்பு மற்றும் மருத்துவ நிதிக்கான 7.65% பிடித்தம் நிற்காது. ஆகவே ‘டிப்ஸுக்கு வரியே இல்லை’ என்று மேஜைகளில் பேசிக்கொள்வது அரை உண்மை. ஏற்கெனவே குறைவாகச் சம்பாதித்து வருமான வரி கட்ட வேண்டியிராத சர்வருக்கு இந்தச் சலுகையால் ஒன்றும் இல்லை.

சர்வீஸ் சார்ஜ் முறையில் மெஷின் செய்யும் மோசமான காரியம் ஒன்று உண்டு. பில்லில் 20% ஏறியிருக்கும். கார்டைத் தொட்டதும் அதே 18, 20, 22 திரை மீண்டும் வரும். பில்லை வாசிக்காதவர் இரண்டுமுறை கொடுத்துவிட்டுப் போவார். இதை அணைத்துவைக்கவோ, குறைந்தது கட்டங்களை 3, 5 என்று மாற்றவோ உணவகத்தால் முடியும். மாற்றாமல் விட்டிருந்தால் அது கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் இத்தகைய கட்டணம் எதற்காக என்பதை மெனுவிலேயே தெளிவாகப் போடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எல்லா மாநிலத்துக்கும் வேண்டிய விதி அது.

விலையிலேயே சேர்த்தால்?

மூன்றாவது வழி, டிப்ஸும் வேண்டாம் சார்ஜும் வேண்டாம், மெனு விலையிலேயே எல்லாம் அடக்கம். கொள்கையளவில் மூன்றில் இதுவே சிறந்தது. இதைப் பெரிதாகச் செய்துபார்த்தவர் நியூயார்க்கின் டேனி மேயர். தம் யூனியன் ஸ்கொயர் ஹாஸ்பிடாலிட்டி குழுமத்தில் டிப்ஸை ஒழிப்பதாக 2015 அக்டோபரில் அறிவித்து, ‘தி மாடர்ன்’ உணவகத்தில் தொடங்கினார். டிப்ஸை சமையலறையோடு பகிர அன்றைய சட்டம் விடவில்லை. மெனு விலை ஏற ஏற சர்வரின் டிப்ஸும் கூடவே ஏறியது, அடுப்படியில் நிற்பவரின் சம்பளம் அங்கேயே நின்றது. அந்த இடைவெளியை மூடுவதுதான் நோக்கம். 2020 ஜூலையில், கொரோனாவுக்குப் பிறகு திறந்தபோது, அவரே அதைக் கைவிட்டார்.

ஏன் நிலைக்கவில்லை என்பதில் பெரிய மர்மம் இல்லை. 30 டாலர் உணவை 36 என்று எழுதினால், பக்கத்துக் கடையின் 30-க்கு அடியில் ஒளிந்திருக்கும் 6 டாலர் டிப்ஸை மனம் கூட்டிப் பார்ப்பதில்லை. 36 விலை உயர்ந்ததாகவே தெரிகிறது. வெள்ளி, சனி இரவுகளில் நன்றாகச் சம்பாதித்த கைதேர்ந்த சர்வருக்கு, எல்லா இரவுக்கும் ஒரே மணிச் சம்பளம் என்றால் வருமானம் இறங்குகிறது. அவர் டிப்ஸ் உள்ள கடைக்குப் போய்விடுகிறார். மணிச் சம்பளத்தோடு அன்றைய விற்பனையில் ஒரு பங்கையும் எழுத்தில் கொடுத்தால் இந்த ஓட்டத்தைக் குறைக்கலாம். அது இல்லாமல் விலையை மட்டும் ஏற்றிய முயற்சி நீடிப்பது கடினம்.

இதனால்தான் வாக்கெடுப்புகளில் சர்வர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். மெய்ன் மாநிலத்தில் 2016-இல் டிப் கிரெடிட்டை ஒழிக்க மக்கள் வாக்களித்தார்கள். டிப்ஸ் குறைந்துவிடும் என்று அஞ்சிய சர்வர்கள் பலர் எதிர்க்க, 2017-இல் சட்டமன்றம் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. வாஷிங்டன் டி.சி.யில் 2018-இல் வென்ற வாக்கெடுப்பை மாநகர மன்றம் ரத்து செய்தது. 2022-இல் மக்கள் மறுபடியும் வாக்களித்தார்கள், 2025-இல் மன்றம் அதையும் தளர்த்தியது. மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் மக்களே நிராகரித்தார்கள். சிகாகோ மாநகர மன்றம் 2024 ஜூலையில் தொடங்கி ஐந்தாண்டுப் படிகளாக ஒழிக்கும் முறையைக் கொண்டுவந்தது. மெதுவாகப் போவதால் கடைக்காரர் விலையைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது, எங்களுக்கு இந்த வழி பிடித்திருக்கிறது.

‘நல்ல சேவைக்கு நல்ல டிப்ஸ், அதனால்தான் சேவை நன்றாக இருக்கிறது’ என்ற வாதத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார். சேவையின் தரத்துக்கும் டிப்ஸ் சதவீதத்துக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்பதே அவருக்குக் கிடைத்த முடிவு. பெரும்பாலானவர்கள் எப்போதும் கொடுக்கிற சதவீதத்தையே எல்லா இடத்திலும் கொடுக்கிறார்கள்.

மெஷின் முன்னால் என்ன செய்வது

மேஜையில் பரிமாறும் உணவகம், பில்லில் சர்வீஸ் சார்ஜ் இல்லை என்றால், வரிக்கும் கூப்பனுக்கும் முந்தைய தொகையில் 18 முதல் 20%. முறை பிடிக்கவில்லை என்பதற்காகக் கொடுக்காமல் வருவதால் முதலாளிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்த 3.36 கணக்கை நினைத்துக்கொண்டால் போதும். சாப்பாட்டில் குறை என்றால் மேனேஜரைக் கூப்பிட்டு அந்த உணவைப் பில்லிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், டிப்ஸில் கைவைக்க வேண்டாம்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால் தொடுவதற்கு முன் சர்வரிடம் ஒரே கேள்வி: “இந்த சார்ஜ் உங்களுக்கு வருகிறதா?” பெரும்பாலும் நேராகப் பதில் சொல்வார்கள். வருகிறது என்றால் ‘டிப்ஸ் இல்லை’யைத் தயக்கமின்றித் தொடலாம். வரவில்லை, அல்லது கொஞ்சம்தான் என்றால், கையில் ரொக்கமாகக் கொடுப்பது நல்லது. கார்டுக் கட்டணம் கழியாது, சம்பள நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். அதையும் சர்வர் கணக்கில் காட்டத்தான் வேண்டும்: ஒரு மாதத்தில் 20 டாலரோ அதற்கு மேலோ டிப்ஸ் வந்தால், அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் முதலாளியிடம் எழுதிக் கொடுக்கவேண்டும்.

உணவகம் நடத்துபவர்கள் மெஷினின் அமைப்பில் மாற்ற வேண்டியவை நான்குதான், பத்து நிமிட வேலை. சதவீதம் வரிக்கு முந்தைய தொகைக்கு. கூப்பன் கழிக்கும் முன்பே டிப்ஸ் கணக்கு. சர்வீஸ் சார்ஜ் ஏறிய பில்லுக்கு டிப்ஸ் திரை வராது. கடைசியாக, சீட்டின் அடிக்குறிப்பில் ஒரு வரி: டிப்ஸ் யார் யாருக்கு எந்த விகிதத்தில் பிரிகிறது, சர்வீஸ் சார்ஜ் இருந்தால் அதில் எத்தனை சதவீதம் பரிமாறியவருக்கு.